பத்து வீட்டுக்குப் போன ஒரு மன்னிப்பு

இணையப் பக்கங்களை வேகமாகத் திறக்கவைப்பதுதான் இன்றைக்கு என் தொழில். ஜெர்மனியில் சப்பாத்து விற்பவர்கூட என்னிடம் வருகிறார். எங்கே கற்றீர்கள் என்று யாராவது கேட்டால் ஏதோ ஒரு பாடநெறியின் பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். உண்மை வேறு. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் ஒரு கேக் கடையின் மாடியில் உட்கார்ந்து, பத்துக் குடும்பங்களைக் கலக்கித்தான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

கடை சிவமலர் அக்காவுடையது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டிக்கு வாழ வந்தவர். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் இணையத்தில் ஓடர் கொடுத்தால், இங்கே இருக்கும் அம்மா அப்பாவைத் தேடிக் கேக் போகும். ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் என்னைச் சேர்த்திருந்தார். தந்தையர் தினத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கூப்பிட்டார்.

“தம்பி, ரொறன்ரோவில இருந்து ஆக்கள் பேசினம். எங்கட பக்கம் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சிடலாமாம்.”

“இங்க பறக்குதே அக்கா!”

“இங்க பறந்து என்ன? இங்க இருக்கிறவை நேர கடைக்கே வருவினம்தானே.”

வேலையைத் தொடங்கினேன்.

வீட்டில் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. கண்டியிலேயே மஹய்யாவவில் இருந்தது எங்கள் வீடு; அங்கே அப்பா என்னோடு பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். எனக்கு அரசாங்க வேலைக்கான கடிதம் வந்தபோது, வேண்டாம், கணினி வேலைதான் வேண்டும் என்று நின்றேன். வாக்குவாதம் முற்றியதில், “முப்பது வருஷமா ஊரான் கடிதாசியத் தூக்கித் திரிஞ்சு என்னத்தக் கண்டீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போனார். அந்தத் தபால் பையில்தான் என் பள்ளிக்கூடமும் சோறும் வந்தன என்பது வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் இன்றும் வலிக்கிறது.

அதன் பிறகு எல்லாம் அம்மா வழியாகத்தான். “அவன் சோறு தின்னானானு கேளு” என்பார். நான் அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பேன். மன்னிப்புக் கேட்கப் பல தடவை அவர் கதிரை வரைக்கும் போனேன். அவர் ஒரு தடவை செருமினால் போதும், தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன். (நான் குடித்த தண்ணீரில் கண்டி வாவியே ஓர் அடி இறங்கியிருக்கும்.)

கடைப் பக்கத்தில் படங்களைத்தான் முதலில் சுருக்கினேன். பாரம் குறைந்தது. சொக்லேட் கேக் மட்டும் மழைக்குச் சரிந்த மண்மேடு மாதிரி ஆகிவிட்டதால், அதைத் திரும்பப் பழையபடி போட்டேன். அடுத்தது பெரிய வேலை. பக்கத்தின் பிரதி ஒன்றை ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள கணினிகளில் வைத்துவிட்டால், அங்குள்ளவர்களுக்கு அது அங்கிருந்தே திறக்கும். ஒவ்வொரு தடவையும் இலங்கை வரை வந்து போகத் தேவையில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரேமாதிரி இருக்கும் பக்கங்களுக்குத்தான் இதைச் செய்யலாம். ஆளுக்கு ஆள் மாறும் ஓடர்ப் பக்கத்துக்குச் செய்யவே கூடாது. (இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அன்று பக்கத்தில் சின்னப்பிள்ளை எதுவும் இருக்கவில்லை.)

வேகத்தைச் சோதிக்க நானே ஓர் ஓடர் போட்டேன். விலாசத்துக்கு எங்கள் வீட்டையும், நாளுக்குத் தந்தையர் தினத்தையும் கொடுத்தேன். அடியில், கேக்கில் என்ன எழுதவேண்டும் என்று ஒரு கட்டம். மற்றவர்களாக இருந்தால் ‘அஆஇஈ’ என்று தட்டியிருப்பார்கள். என் விரல்கள் “அப்பா, அன்னைக்கு நான் பேசினது பிழை. மன்னிச்சிருங்க” என்று தட்டின. யாரும் பார்க்காத இடம்தானே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஓடரைப் பிறகு அழிக்கலாம் என்று நினைத்து, மறந்தேன். எழுதிய கட்டத்தோடு அந்தப் பக்கத்தையே பிரதி எடுத்து உலகத்துக்கு அனுப்பினேன்.

ரொறன்ரோவில் பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. சிவமலர் அக்கா எனக்கு ஒரு துண்டு பட்டர் கேக் தந்தார்.

தந்தையர் தினத்தன்று காலையில் கேக்குகள் ஓட்டோவில் புறப்பட்டன. பதினொரு மணிக்குத் தொலைபேசி அலறத் தொடங்கியது. அடிக்கட்டத்தில் என் வசனம் ஏற்கெனவே நிரம்பியிருந்ததைப் பார்க்காமலே ஓடர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது கேக்கிலும் என் மன்னிப்பு!

“எங்க அப்பா கோல் எடுத்து, என்னடா செஞ்ச, வேல போச்சா, யாரையும் கூட்டிட்டு வந்துட்டியானு கேக்கிறாரு!” என்று ரொறன்ரோக்காரர் கத்தினார்.

கேக்கில் ஐசிங் எழுதும் ராணி அக்காவை ஓடிப்போய்க் கேட்டேன்.

“எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்திச்சு தம்பி. இந்த வருஷம் இதுதான் ஃபெஷன்னு நெனச்சேன். பிள்ளைகளுக்குப் புத்தி வந்திருக்குனு சந்தோசமா வேற இருந்திச்சு.”

சிவமலர் அக்கா பட்டியலை என் முன்னால் வைத்தார். “ஒவ்வொரு வீட்டுக்கும் நீரே எடுத்து, வசனம் தவறுதலா வந்திட்டுது எண்டு சொல்லும். பிறகு உம்மட வேலையப் பற்றிக் கதைப்பம்.”

எட்டு வீட்டுக்குச் சொன்னேன். எட்டு அப்பாமாரிடமிருந்து ஒரு மன்னிப்பைப் பிடுங்குவது லேசான வேலை இல்லை. ஒன்பதாவது, கம்பளையில் ஒரு வீடு. அதற்கு எடுக்கும் முன்பே லண்டனிலிருந்து அந்த வீட்டு மகள் பேசினார்.

“அப்பா அழுறாரு. நீ கேட்டதே போதும்மானு சொல்றாரு. நான் எங்கங்க கேட்டேன்?” நான் விளக்கத் தொடங்கியதும் இடைமறித்தார். “இருக்கட்டும். மாத்திச் சொல்லிராதீங்க.”

பட்டியலில் இன்னும் ஒன்று மிச்சம். பத்தாவது விலாசம், மஹய்யாவ. நான் அழிக்க மறந்த ஓடர்.

அப்பாதான் எடுத்தார்.

“வணக்கம், கேக் கடையில இருந்து பேசுறோம். இன்னைக்கு வந்த கேக்கில...” அதுவரை எட்டுத் தடவை சொன்ன வசனத்தைப் பாதியிலேயே விட்டேன். சிவமலர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான்தான். ஒம்போது வீட்டுக்கு அது தவறிப் போச்சு. உங்களுக்கு வந்தது மட்டும் சரியான விலாசம்.”

அப்பா செருமினார். தண்ணீர் குடிக்கப் போக எனக்கு அங்கே வழியில்லை.

“கையெழுத்து ஒன்னோடது இல்லையேனு பார்த்தேன்” என்றார். “சரி, வா. ஒங்கம்மா கத்தியோட நிக்கிறா.”

சிவமலர் அக்கா பட்டியலை மடித்தார். “பக்கம் வேகமாத்தான் திறந்தது. பிழையும் அதே வேகத்தில போயிட்டுது. நாளைக்கு வந்து அதச் சரியாக்கும்” என்றார்.

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தக் கேக் வந்தாலும், அப்பா கண்ணாடியைப் போட்டுப் பெட்டியின் விலாசத்தை வாசிக்காமல் கத்தியைத் தரமாட்டார். புதிதாக வரும் விருந்தாளிக்குக் கதையும் உண்டு. “முப்பது வருஷத்துல ஒரு கடிதாசியையும் வீடு மாத்திக் குடுத்ததில்ல நான். இவன் ஒரே கடிதாசியப் பத்து வீட்டுல போட்டான்.”

எல்லாரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருப்பார். பிறகு எனக்குப் பெரிய துண்டாக வெட்டித் தந்துகொண்டே சொல்வார்:

“ஆனா, நம்ம வீட்டுக்கும் வந்து சேந்துச்சில்ல.”