கட்டுக்காரம்மாவும் என் இடது காலும்

திட்டியே புண்ணை ஆற்றக்கூடிய ஆள் இந்த மலாக்கா மாநிலத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர்தான் எங்கள் கட்டுக்காரம்மா! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பெம்பான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. சொந்தப் பெயர் என்னவென்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நான் தோட்டத்து ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. ஊரே "கிராணியாரே" என்று கூப்பிடும். கட்டுக்காரம்மாவுக்கு மட்டும் நான் "டேய்". என் இடது கணுக்காலில் ஒரு புண், ஆறுவதும் உடைவதுமாக வருஷக்கணக்காய் உயிரை வாங்கியது. "இன்னொரு தடவ சீழ் பிடிச்சா காலையே எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அழுதேன். கட்டுக்காரம்மா ஆள் திரட்டினார்.

அடேயப்பா, அது என்ன படை! காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும் கங்காணி, அத்தனை பேர் முன்னால், "கிராணியாரே, கட்டு நனைஞ்சிருக்கா?" என்று கத்துவார். நான் காலைப் பெட்டிமேல் தூக்கி வைத்தால்தான் நாவிதர் கத்தியைத் தொடுவார். கள்ளுக்கடையிலோ, "அம்மா உத்தரவு இல்லலா, மோர் குடிங்க" என்று நீட்டுவார்கள். கள்ளுக்கடையில் மோர்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? நீரிழிவுக்காரர், இழுப்புக்காரர், விட்டுவிட்டுக் காய்ச்சல் வருகிறவர் எல்லாருக்கும் இப்படித்தான் காவல். டாக்டர் வரும் நாளில் இந்தக் காவலர்கள் வரிசையாய் நின்று எங்களைப் போட்டுக்கொடுப்பார்கள்.

புண் மூடத் தொடங்கியது. என் புத்தியும் அப்போதுதான் கெட்டது. கால் தப்பினால் தீ மிதிப்பதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். திருவிழாவும் வந்துவிட்டது.

"ஆத்தாவுக்குக் குடுத்த வாக்கும்மா" என்றேன்.

"புதுத்தோலு இன்னும் வெத்தல மாதிரி இருக்கு, நெருப்புல வெக்கப் போறியா? போடா, போய்க் காலத் தூக்கி வையி!"

விடுவேனா? திருவிழா அன்று மஞ்சள் வேட்டியுடன் கூட்டத்தில் நுழைந்துவிட்டேன். உடுக்கை முழங்குகிறது, குழி தகதகக்கிறது. ஓரடி எடுத்து வைத்தேன். இரண்டு பக்கமும் கிடுக்கிப்பிடி! ஒரு பக்கம் கங்காணி, மறுபக்கம் கள்ளுக்கடைக்காரர்.

"விடுங்கய்யா! சாமி குத்தமாயிரும்!"

"ஆவாது. அங்க பாருங்க" என்றார் கங்காணி.

மஞ்சள் சேலை, கையில் காப்பு. கட்டுக்காரம்மா! நேர்ந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம் என்று பூசாரியிடம் பேசிவைத்து, எனக்குத் தெரியாமல் விரதமும் இருந்திருக்கிறார். எங்கள் பக்கம் பெண்கள் குழியைச் சுற்றித்தான் வருவார்கள், இறங்க மாட்டார்கள். இவரோ, "ஆத்தா, இது அந்தக் கிராணிப் பயலுக்காக!" என்று கூவிக்கொண்டு இறங்கியே விட்டார்! கூட்டம் அலறியது.

மறுபக்கம் ஏறியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அவன உக்கார வைங்க! எம்புட்டு நேரமா நிக்கிறான்!"

அவர் பாதமெல்லாம் கொப்புளம். பக்திக் குறைவு என்றார் பூசாரி. "நேந்துக்கிட்டது அவன். பக்தி கொறஞ்சா அதுவும் அவனோடதுதான்" என்றார் அம்மா.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்தான் அவருக்குக் கட்டுப் போட்டேன். "இது கட்டாடா? முறுக்குப் புழிஞ்ச மாதிரி இருக்கு! அவுத்துட்டு மறுபடி போடு!" என்று ஆரம்பித்தவர் ஓயவே இல்லை. அந்தத் திட்டு நின்றுவிடக் கூடாதே என்று நான் மெதுவாகவே கட்டினேன்.