நாற்காலிச் சபதம்

"இந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்க மாட்டேன்!"

பதவி பறிபோகிற மந்திரி யாரோ பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பேசியவர் குடிநீர் வடிகால் வாரியத்தில் புகார்ப் பிரிவு அதிகாரி. பேசிய இடம் அவர் வீட்டுக் கூடம். நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு. எதிரே நின்றது அவருடைய ஒரே எதிர்க்கட்சி, அதாவது மனைவி.

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வாரம் பூராவும் மனுஷனுக்குப் புகார்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருத்தர் வருவார். வந்த தண்ணீர் நிற்கவில்லை என்று இன்னொருத்தர் வருவார். நிற்காத தண்ணீர் என் வீட்டுக்குள் நிற்கிறது என்று மூன்றாமவர் வருவார். மூன்று பேருக்கும் அவரிடம் இருந்தது ஒரே பதில்: "பார்க்கலாம்." அந்த ஆபீஸில் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். புகார் கொடுக்க வருகிறவர்களுக்கும் அது தெரியும், வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். பல வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி, யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்து விழும்.

ஞாயிறு மதியம் ஒன்றுதான் அவர் காதுக்கு விடுமுறை. அதைக் கழிக்க அவருக்கென்று ஒரு நாற்காலி. ஆபீஸில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது ஆசை ஆசையாக எடுத்து வந்தது. உயர்ந்த முதுகு, அகலமான கைகள், யானைக்கால் மாதிரி நாலு கால். அதில் சாய்ந்து கண்ணை மூடினால் அவர்தான் ராஜா. ராணி வந்து எழுப்புகிற வரைக்கும்.

ராணிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. கட்டுப்போடும் அறை நர்ஸ். கல்யாணம் கட்டிக்கொண்டது அவர், கட்டுப்போடுவது அவள், கட்டுப்பட்டுக் கிடப்பது மறுபடியும் அவர். வீட்டு நிலவரம் அவ்வளவுதான்.

இத்தனை நாள் அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பூட்டிக் கிடந்த சரக்குக் கிடங்கைச் சுத்தம் செய்து, சமூக நிலையம் என்று பலகை மாட்டினார்களே, அன்றைக்குப் பிடித்தது சனி. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருத்தர் அதற்குத் தலைவி. சுவர் முழுக்க ஆள் உயரத்துக்கு, 'தினம் ஒரு நற்செயல்' என்று எழுதிவைத்தார். அக்கம்பக்கத்துப் பையன்களும் பெண்களும் கூட்டமாகச் சேர்ந்தார்கள். நிழற்குடை பெஞ்சுக்கு வர்ணம் அடித்தார்கள். முடியாதவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். தெருச் சாக்கடை அடைப்பை எடுத்தார்கள். அந்த அடைப்பைப் பற்றி வந்த புகாருக்கெல்லாம் பார்க்கலாம் என்று சொன்னது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஞாயிறு மதியம் அங்கே முதலுதவி வகுப்பு. நடத்துவது மனைவி. நடத்திவிட்டுப் போகட்டுமே! கூடவே இவரையும் இழுத்தால்?

"என்னங்க, இன்னைக்காவது வாங்களேன். எல்லார் வீட்டு ஆம்பளைங்களும் வராங்க."

"எல்லார் வீட்டு ஆம்பளைங்களும் வராங்கல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

"ஒரு தொண்டுன்னு செய்ய வேண்டாமா?"

"என்னைத் தொண்டு கிழமாக்கிட்டுத்தான் விடுவே நீ."

"தன்னார்வலர்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குங்க."

"தன்னார்வம்னா என்ன? தனக்கே ஆர்வம் வரணும். யாரும் கூப்பிடாம தானா வரணும். நீ கூப்பிட்டு நான் வந்தா அது தன்னார்வம் இல்லடி, உன்னார்வம்!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். ஆபீஸில் சொல்லியிருந்தால் கீழே வேலை பார்க்கிறவர்களாவது சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அதன் முதுகைத் தட்டிப் பார்த்தாள், கையை அசைத்துப் பார்த்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டாமா இவர்?

"அப்போ எழுந்திருக்கவே மாட்டீங்க?"

"மாட்டேன். தலையே போனாலும் மாட்டேன்."

"தெருவிளக்கு எரியற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காம இருந்துட்டீங்கன்னா, இனிமே ஜென்மத்துக்கும் என் வாயால உங்களை நிலையத்துக்குக் கூப்பிட மாட்டேன். போதுமா?"

அவர் காதுகளையே அவரால் நம்ப முடியவில்லை. "எழுந்துட்டா?"

"எழுந்துட்டா வாராவாரம் என்கூட வரணும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

உட்கார்ந்திருப்பதற்குப் பந்தயம்! மீனைப் பார்த்து நீந்து பார்ப்போம் என்கிறாளே! அரசாங்கச் சம்பளத்தில் இதற்குத்தானே இத்தனை வருஷம் பயிற்சி எடுத்திருக்கிறார். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சு!" என்றார்.

அவள் வாசல் கதவைத் திறந்து, "வாங்கப்பா, ரெடி!" என்றாள்.

மாடிப்படியில் காத்திருந்த இளசுகள் நாலு பேர் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். அத்தனை பேர் சட்டையிலும் நிலையத்தின் முத்திரை. குழுவுக்குத் தலைவியான கல்லூரிப் பெண், "வணக்கம் அங்கிள்!" என்றாள். "அக்கா, இவர்தானா நோயாளி?"

"யாரு நோயாளி? என்ன இது?"

"இன்னைக்குப் பாடம் அதுதாங்க," என்றாள் மனைவி சாவகாசமாக. "குறுகலான மாடிப்படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அப்போ அடிபட்டவரை நாற்காலியோட தூக்கி இறக்கணும். நல்ல கனமா ஒரு நாற்காலி தேவைப்பட்டுச்சு. கனமா ஒரு ஆளும் தேவைப்பட்டுச்சு."

"நான் வரமாட்டேன்!"

"நீங்க வர வேண்டாம். தூக்கிட்டுப் போவாங்க."

"இது அநியாயம்!"

"பிடிக்கலைன்னா எழுந்திருச்சிடுங்களேன்."

பார்த்தீர்களா சூதை? எழுந்தால் தோல்வி. எழாவிட்டால் ஊர்வலம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார். தலையே போனாலும் என்று சொன்னவர், தலையோடு சேர்த்து மற்றதையும் அனுப்பத் தயாரானார்.

"பத்திரமா உட்காருங்க அங்கிள்."

"இவ உனக்கு அக்கான்னா நான் எப்படி அங்கிள் ஆனேன்? அக்கா புருஷன் மாமா!"

"மாமாவும் அங்கிளும் ஒண்ணுதானே அங்கிள்?"

பதில் சொல்வதற்குள் நாற்காலி அந்தரத்துக்குப் போய்விட்டது.

மாடிப்படித் திருப்பத்தில் நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. வயிற்றுக்குள் சாப்பாடும் கூடவே சரிந்தது. மேலேயிருந்து மனைவி, "பயமா இருந்தா எழுந்திருங்க!" என்று குரல் கொடுத்தாள். "யாருக்குப் பயம்?" என்று கத்தினார் அவர், கண்களை இறுக மூடிக்கொண்டு. கீழ்வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சத்தம் கேட்டு வெளியே வந்தவர், "என்ன சார், கால்ல அடியா?" என்று பதறினார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பின்னே?"

"கொள்கை!"

"ஓஹோ," என்றார் லாரிக்காரர். "கொள்கை இவ்வளவு கனமா இருக்குமா?" என்று பின்கால் பக்கம் தானும் ஒரு கை கொடுத்தார். தெருவில் ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறந்தது. இவர் நிமிர்ந்து, மோவாயை உயர்த்தி, இரண்டு பக்கமும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் தேர்தலில் யாரோ ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தார்கள்.

நிலையத்தில் டீச்சரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வாங்க, வாங்க! கடைசியில உங்களுக்கும் மனசு வந்துடுச்சு!"

"மனசு வீட்டுலதான் இருக்கு. உடம்பைத்தான் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"அதனால என்ன? முதலுதவிக்கு உடம்புதான் வேணும்."

பந்து விளையாடக் கோடு போட்ட தரைக்கு நடுவில் நாற்காலியை இறக்கினார்கள். மனைவி விசிலடிக்காத குறையாகப் பயிற்சியை ஆரம்பித்தாள். ஒருத்தர் கையை மடக்கித் தொங்கல் கட்டு போட்டார். ஒருத்தர் காலில் கட்டை வைத்துக் கட்டினார். ஒருத்தர் தலையைச் சுற்ற ஆரம்பித்துக் காது, நெற்றி என்று போய் நிறுத்தத் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே தெரிந்தது கண்ணும் மூக்கும் வாயும்தான். அந்த வாயும் சும்மா இல்லை.

"அங்கிள், கொஞ்சம் முனகுங்களேன். நிஜமா இருக்கும்."

"முனக மாட்டேன்! உட்கார்றதா மட்டும்தான் பேச்சு. முனகினா அது சேவை!"

கல்லூரிப் பெண் கால்கட்டின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"ஐயய்யோ! அம்மா!"

கூடம் முழுக்கக் கைதட்டல். "என்ன தத்ரூபம்!" என்றார் டீச்சரம்மா.

அவ்வளவுதான், இவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தத்ரூபமா? வலிக்குதும்மா! முடிச்சைப் போய் எலும்பு மேல போடுவாங்களா? பக்கவாட்டுல போடணும், என் பொண்டாட்டி கத்துக் கொடுக்கலையா? அப்புறம், படியில இறங்கினீங்களே, முன்னாடி பிடிச்சவன் குனிஞ்சான், பின்னாடி பிடிச்சவன் நிமிர்ந்தான். நான் என்ன மாவு மூட்டையா, சரிஞ்சு கொட்ட? திருப்பம் வருதுன்னு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டாமா? நோயாளிக்கு நெஞ்சு நின்னுடாது?"

அந்தக் கல்லூரிப் பெண் அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கண்ணில் கேலியே இல்லை.

"சொல்லுங்க அங்கிள். வேற என்ன குறை?"

அவர் திகைத்துப் போனார். வேற என்ன குறை! வருஷக்கணக்காக ஊரார் குறையெல்லாம் அவர் காதில்தான் விழுந்திருக்கிறது. உமக்கு என்ன குறை என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட அவரைக் கேட்டதில்லை. கட்டில்லாத கையால் தலைக்கட்டைக் காதுக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! நாற்காலியைப் பிடிக்கிற விதத்தில் குறை, தலைக்கட்டில் குறை, தண்ணீர் கொடுத்த விதத்தில் குறை, எதிர் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று குறை. அவர் சொல்லச் சொல்ல அவர்கள் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்கள். திரும்பத் தூக்கினார்கள், திரும்ப இறக்கினார்கள். ஒருத்தர்கூட பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரிந்தது. "ஜெயிச்சுட்டேன்!" என்று கட்டுகளோடு எழுந்து நின்றார். காலில் கட்டை இருந்ததால் உடனே உட்கார்ந்தார். அவிழ்த்துவிட்டதும் மறுபடி எழுந்து, இன்னொரு தடவை ஜெயித்தார்.

"ஜெயிச்சுட்டீங்க," என்றாள் மனைவி. "இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை அவருக்கு. அவள் பக்கத்தில் நடந்துகொண்டே என்னமோ கேட்டாள். வெற்றி மயக்கத்தில் காதில் சரியாக விழவில்லை. வழக்கம்போல், "பார்க்கலாம், பார்க்கலாம்," என்றார்.

கூடத்துக்குள் நுழைந்த பிறகுதான் வெறும் தரை கண்ணில் பட்டது.

"நாற்காலி எங்கே?"

"நிலையத்துல. டீச்சரம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க. பயிற்சிக்கு அந்த மாதிரி அமையாதாம். குடுத்துட்டேன்."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டேனே! வரும்போது, 'அந்த நாற்காலியை நிலையத்துலயே விட்டுடலாமா, இனிமே அதை அங்கேயே வச்சுப் பார்த்துக்கலாமா'ன்னேன். நீங்கதான் பார்க்கலாம்னீங்க."

"அடிப்பாவி! நான் பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம்!"

"அது உங்க ஆபீஸ் தமிழ். வீட்டுல பார்க்கலாம்னா பார்க்கலாம். எப்போ வேணும்னாலும் போய்ப் பாருங்க, அங்கேதான் இருக்கு."

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் உட்கார இடம் தேடி அலைந்தார். பிளாஸ்டிக் நாற்காலி நெளிந்தது. கட்டில் முதுகை வாட்டியது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது. அவள் நிலையத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் அவருக்குத் தாங்கவே முடியவில்லை.

அடுத்த ஞாயிறு. சாப்பிட்டதும் அவள் பையை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள். இவர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடப்பதற்காகவா கடவுள் ஞாயிற்றுக்கிழமையைப் படைத்தார்? சட்டையை மாட்டினார். படியிறங்கினார்.

"என்ன சார், இன்னைக்குக் கொள்கை நடந்தே போகுது?" என்றார் லாரிக்காரர்.

"என் நாற்காலியில உட்காரப் போறேன்யா! உட்கார மட்டும்தான்! ஒரு சேவையும் கிடையாது!" தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அந்த முன்கால் பிடிக்கிறவன் இன்னும் குனிகிறானா என்று பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நிலையத்தில் நாற்காலி அதே இடத்தில், அவர் வந்து உட்காரத் தோதாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மனைவி மூலையில் துணிக்கட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. டீச்சரம்மா இவரைக் கண்டதும் பரவசமாகக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பிள்ளைங்களா, எல்லாரும் இவரை நல்லா பார்த்துக்குங்க. யாரும் கூப்பிடல, தானா வந்திருக்கார். இதுக்குப் பேர்தான் தன்னார்வம்!"