இடது கை டீசல், வலது கை ஹைப்ரிட்

"டீசலா, ஹைப்ரிட்டா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க சார். ரெண்டுல ஒண்ணைத்தான் உங்களுக்குன்னு நிறுத்தி வைக்க முடியும்" என்று கார் ஷோரூம்காரர் போனை வைத்ததும், பல் டாக்டருக்குத் தன் பல்லே கூசியது.

வீட்டில் அப்பா டீசல் கட்சி. "நாலு பேரை ஏத்திக்கிட்டு மேடு ஏறணும்னா டீசல்தாண்டா. இழுவைன்னா அதுதான் இழுவை!"

மனைவி ஹைப்ரிட் கட்சி. "எந்த மேடு மாமா? வீட்டை விட்டா கிளினிக், கிளினிக்கை விட்டா வீடு. டிராஃபிக்ல நிக்கறதுக்கு எதுக்கு இழுவை?"

டாக்டர் இருவரிடமும் தனித்தனியாக "நீங்க சொல்றதுதான் சரி" என்று சொல்லி வைத்திருந்தார். அதை நல்ல மனசு என்று அவர் நினைத்தார். பயந்தாங்கொள்ளித்தனம் என்று நாம் சொல்லலாம். காலையில் இருவரும் பேசிக்கொண்டதில் குட்டு உடைந்தது. "என் பேஷன்ட்டுங்களையே கேட்டுடறேன். அவங்களுக்கும் நம்ம வீட்டுச் சண்டைக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க சொல்றதுதான் முடிவு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு டாக்டர் கிளினிக்குக்கு ஓடிவந்தார்.

இதில் ஒரு சிக்கல். எந்தக் கேள்வியையும் எதிராளியின் வாய்க்குள் கையை விட்ட பிறகு கேட்பதுதான் அவர் வழக்கம். முதலில் வந்த தபால்காரர், "டீசலா, ஹைப்ரிட்டா?" என்றதற்கு, "ஆங்... ழாழா" என்றார். அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று டாக்டருக்குப் புரியவில்லை.

அடுத்து தையற்காரர். டாக்டர் பல்லைக் குடைந்துகொண்டே, மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி விதியை அறிவித்தார். "டீசல்னா இடது கை, ஹைப்ரிட்னா வலது கை. தூக்குங்க பார்ப்போம்!"

தையற்காரரின் இடது கை உடனே எழுந்தது.

"அடடே, யோசிக்கவே இல்லையே!" டாக்டர் உற்சாகமாக இன்னும் கொஞ்சம் குடைந்தார். கை இன்னும் உயர்ந்தது.

பேங்க் மேனேஜர், டீசல். பாட்டு டீச்சரும் டீசல். அவர் கையை ஆட்டி ஆட்டியே சொன்னார். டாக்டர் அப்பாவுக்குப் போன் போட, அப்பா மருமகளிடம் சொல்லிச் சிரிக்க, கொஞ்ச நேரத்தில் மனைவி கிளினிக்குக்கே வந்துவிட்டார். பின்னாலேயே அப்பாவும் வந்தார்.

"ஹைப்ரிட்டுக்கு ஒரு கை கூடவா எழும்பல? எங்கே, என் கண்ணு முன்னாடி கேளுங்க."

நாற்காலியில் ஆஜானுபாகுவான ஒரு தீயணைப்பு வீரர் சாய்ந்திருந்தார். மெஷின் ஓடியது. டாக்டர் கேட்டார். இடது கை விருட்டென்று எழுந்தது.

"மாமா, நீங்க ஜாடை காட்டினீங்களா?"

"நான் அந்தப் பக்கமே பார்க்கலம்மா!"

"இன்னொரு தடவை கேளுங்க."

இரண்டு கையும் எழுந்தன.

"செல்லாத ஓட்டு!" என்றார் மனைவி.

மூன்றாம் முறை இடது கையோடு இடது காலும் எழுந்தது.

"பாரு, ஆளுக்கு டீசல் மேல எவ்வளவு பிரியம்!" என்று அப்பா பூரித்துப் போனார்.

மனைவி சோர்ந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "சரி, டீசலே வாங்குங்க. நாள் முழுக்க இந்த மெஷின் சத்தத்துலயே கிடக்கறீங்களே, கார்லயாவது சத்தமில்லாம வரட்டும்னுதான் அடம் பிடிச்சேன்."

அந்த நிமிடமே டாக்டரின் மனசு ஹைப்ரிட் பக்கம் போய்விட்டது. ஆனால் கொடுத்த வாக்கு? இத்தனை பேர் சொன்ன பிறகு மீறினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? மனைவியைப் பார்க்காமல் ஷோரூமுக்குப் போன் போட்டார்.

"டீசலையே நிறுத்தி வைங்க."

"நல்லா யோசிச்சுட்டீங்களா சார்? ஹைப்ரிட் இப்பவே வேற ஆளுக்குப் போயிடும்."

"போகட்டும்" என்றார் டாக்டர்.

போனை வைத்த கையோடு கதவு திறந்தது. வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்லி உட்கார வைப்பதற்கென்று இந்த வாரம்தான் சேர்ந்த நர்ஸம்மா, முகம் வெளிறி நின்றார்.

"டாக்டர், எல்லாரும் தாடையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே என்கிட்ட சண்டைக்கு நிக்கறாங்க, 'வலிச்சா இடது கையைத் தூக்குங்க, டாக்டர் நிறுத்திடுவார்னு சொன்னியேம்மா, தூக்கத் தூக்க அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டே குடையறாரே'ன்னு!"