நமச்சிவாயம் சுரண்டிய ‘தி’

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் சிநேகிதி கமலாட்சி. எழுபத்திரண்டாம் வருஷம், வைகாசி கருட சேவை அன்று. பெருமாள் வரும்வரை கோபுர வாசலில் நின்றபடியே சொன்னாள். கைகூப்ப வேண்டிய இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வரதர் மன்னிக்கட்டும்.

கமலாட்சி வீட்டுக்கு அடுத்த வீடு நமச்சிவாயம் வீடு. நல்ல மனுஷர். பொறாமை ஒன்றுதான் குறை. பெண்சாதி திலகவதி முருங்கைக்காய்க்காரனிடம் பேரம் பேசினால் அன்றைக்கு இவருக்கு முருங்கைக்காய் கசக்கும்.

ஒரு பட்டுக்காரரிடம் இவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். சேலைக் கரையில் உருவம் விழுவதற்கு ஓட்டை போட்ட அட்டைகளைத் தறிமேல் மாட்டுவார்கள் அல்லவா? அந்த அட்டைக் கட்டுகள் இருக்கும் அறை இவர் பொறுப்பு. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு. எழுதியவன் டிசைன் போடும் வரதராஜன். பெருமாள் பேர், சுருட்டை முடி, கல்யாணம் ஆகாதவன். “அவரு போட்ட அன்னம் நீந்துற மாதிரியே இருக்குதுங்க” என்று திலகவதி ஒருநாள் சொல்லித் தொலைத்திருந்தாள். தனக்கும் அங்கே வேலை பார்க்க ஆசை என்றாள்.

“அவன் இருக்கிற இடத்துல உனக்கு இன்னா வேலை?” பேச்சு அதோடு முடிந்தது.

முதல்நாள் சீட்டுகளைப் பார்த்தார். ‘அன்னம் தி 5, 240, 8.’ ‘மயில் 240, தி 3, 6.’ ‘மாங்காய் 8, 240, தி 7.’ எங்கே திரும்பினாலும் தி!

தி என்றால் திலகவதி இல்லாமல் வேறு யார்? பக்கத்தில் எண் வேறு. எத்தனை முறை நினைத்தான் என்ற கணக்கா? மாங்காய் வரையும்போது ஏழு முறையா!

பிளேடை எடுத்தார். கண்ணில் பட்ட தி எல்லாவற்றையும் சுரண்டினார். ஆத்திரத்தில் ‘திருமுக்கூடல் கோபுரம்’ என்ற டிசைன் பேர் ‘ருமுக்கூடல் கோபுரம்’ ஆயிற்று. திருப்புட்குழியும் தப்பவில்லை.

மத்தியானம் முதலாளி வந்தார்.

“அன்னத்துல கடைசித் திருத்தம் எதுப்பா? எடு.”

“திருத்தமா?”

“‘தி’ன்னா திருத்தம்பா. தி அஞ்சுன்னா அஞ்சாவது தபா திருத்தினது. மத்த எண்ணெல்லாம் தறியில இருக்கிற கொக்கிக் கணக்கு, கரை அகலம்.”

நமச்சிவாயம் கையிலிருந்த சீட்டில் பெரிய எண்ணைப் படித்தார். “இருநூத்தி நாப்பதுங்க.”

“இருநூத்தி நாப்பது தபா திருத்தினா அன்னம் காக்கா ஆயிடும்பா! பழைய கட்டு தறி ஏறினா கல்யாணப் புடவை பாழ். பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சு வை. இல்லன்னா நாளைக்கு வராதே.”

வரதராஜனைக் கேட்கலாம் என்றால் அவன் ஐயம்பேட்டையில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். இவர் வீட்டுக்கு ஓடினார்.

“திலகா, ஒரு சீட்டுல மூணு எண்ணு. எது திருத்தம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“பக்கத்துல எழுத்து எதுவும் இல்லையா?”

“‘தி’ன்னு இருந்துது. பூச்சி தின்னுடுச்சு.”

“எல்லாச் சீட்டுலயுமா? அது இன்னா பூச்சிங்க, தி மட்டும் தின்னுது?”

அவர் மேலே பல்லியைப் பார்த்தார். அவள் அவருடைய கட்டைவிரலில் பிளேடு கீறியிருந்ததைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“சீட்டை நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

“அங்கயா? வேணாம்.”

“சரி. நாளையிலேர்ந்து வீட்டுல இருங்க. முருங்கைக்காய்க்காரன்கிட்ட நீங்களே பேசிக்கலாம்.”

சைக்கிளில் வைத்து அவரே மிதித்துக் கூட்டிப்போனார்.

திலகவதி ஒரு சீட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். “சுரண்டின இடம் பளிச்சுனு தெரியுது பாருங்க. அதை ஒட்டி எண்ணு வந்தா, அதுதான் திருத்தம். எழுத்து வந்தா ஊர்ப்பேரு, தாண்டிடுங்க. மத்த எண்ணு எதுவும் நமக்கு வேணாம்.”

விளக்கு வைக்கும் முன்பே வேலை முடிந்தது. முதலாளி பார்த்தார். அன்னத்தில் ஐந்து, மாங்காயில் ஏழு, கடைசித் திருத்தம் எல்லாம் அதனதன் அடுக்கின் மேலே.

“நாளையிலேர்ந்து இந்த ரூமை நீ பார்த்துக்கம்மா. சந்தேகம்னா வரதராஜனைக் கேளு. நமச்சிவாயம், நீ தறிக்குக் கட்டு தூக்குப்பா.”

திரும்பும் வழியில் சைக்கிள் ஏனோ கனத்தது.

“ஏன் திலகா, இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். அப்ப என்னைக் கூட்டிக்கினு வந்திருப்பீங்களா?”

நீங்கள் அந்தத் தெருப்பக்கம் போனால் நமச்சிவாயம் தலையில் அட்டைக் கட்டோடு வருவார். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கம்மா.