கைவண்டியின் முன்பக்கம்

நம் மார்மன் முன்னோர்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு அமெரிக்கச் சமவெளியைக் கடந்து யூட்டாவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. ஜூலை மாதத்தில் தேவாலய மேடைகளில்கூட இப்படிச் சொல்கிறார்கள். பொறுப்புள்ள மனிதன் என்ற முறையில் இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கைவண்டி தள்ளப்படவில்லை. இழுக்கப்பட்டது. வண்டியின் முன்னால் ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். அதற்குள் புகுந்து நின்று, நெஞ்சைக் கொடுத்து இழுக்க வேண்டும். பின்னால் ஒருத்தி நின்று தள்ளியிருக்கலாம். அது உபரி உதவி.

இன்னொரு தவறும் உண்டு. எல்லோருமே கைவண்டியில் வந்தார்களாம். கிடையாது. வந்த எழுபதாயிரம் பேரில் கைவண்டி இழுத்தவர்கள் மூவாயிரம் பேர்தான். மற்றவர்கள் மாட்டு வண்டியோடு வந்தார்கள். 1869 மே பத்தாம் தேதி ரயில் பாதை முடிந்தது. அதற்கு முன் வந்தவர்கள் முன்னோடிகள். பின் வந்தவர்கள் பயணிகள். இது நான் போட்ட கோடு அல்ல. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கோடு.

ஏனென்றால் என் எள்ளுத்தாத்தா ராஸ்முஸ் இவர்சன் அந்த மூவாயிரத்தில் ஒருவர். டென்மார்க்கில் மார்மன் சபையில் சேர்ந்தார். 1857-இல் கப்பலேறினார். கடல் தீர்ந்ததும் கைவண்டிக்குள் புகுந்தார். எங்கள் சான்பீட் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகுதான் வெளியே வந்தார். எனவே ஒவ்வொரு ஜூலை இருபத்துநான்காம் தேதியும், முன்னோடிகள் நாள் ஊர்வலத்தில், கைவண்டியின் முன்பக்கம் என்னுடையது. பத்தொன்பது வருடங்களாக. வலது கையால் இழுப்பேன். இடது கையால் மக்களுக்குக் கையசைப்பேன். நீண்ட கவுனும் வெயில் தொப்பியுமாக என் மனைவி மெர்லீன் பின்னால் தள்ளுவாள். வங்கியிலிருந்து தபால் நிலையம் வரை ஏற்றம். அங்கே எனக்குச் சற்று மூச்சு வாங்கும். அவளுக்கு வங்கிக்கு முன்பே வாங்கிவிடுமாம். அப்படிச் சொல்லிக்கொள்வாள்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், பிஷப் லுண்ட் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் பிஷப் என்பவர் தொழில்முறைப் பாதிரியார் அல்ல. இவர் வான்கோழிப் பண்ணை நடத்துகிறார். கூடவே பக்கத்து வீட்டு டெல்பர்ட் யோர்கென்சனும் வந்தான். டெல்பர்ட்டின் தோள்கள் அகலம். எனக்கு அப்போதே சந்தேகம்.

“பிரதர் இவர்சன், இந்த வருஷம் வண்டிய டெல்பர்ட் இழுக்கட்டுமே. வருஷா வருஷம் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்.”

“டெல்பர்ட்டா?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?” என்றான் டெல்பர்ட்.

“கை இருக்குப்பா. முன்னோர் இருக்காங்களா?”

“முன்னோர் இல்லாம நான் என்ன தோட்டத்துல முளைச்சேனா?”

மெர்லீன் சமையலறையிலிருந்து ஒரு தட்டு ஆப்பிள் பணியாரத்தோடு வந்தாள். தட்டை வைத்துவிட்டு, “நான் ஒரு வருஷம் முன்னால நிக்கட்டுமா?” என்றாள்.

மூவரும் சிரித்தோம். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகும் இவளுக்கு நகைச்சுவை உணர்வு மங்கவில்லையே என்று மகிழ்ந்தேன். அவள் சிரித்தாளா என்று கவனிக்கவில்லை.

நான் எழுந்து நின்றேன். முப்பத்து நான்கு வருடம் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். உட்கார்ந்தபடி நீதி பேச எனக்கு வராது.

“ஆவணம் வேணும், பிஷப். யார் வேணா வண்டிக்குள்ள நிக்கலாம்னா அது ஊர்வலம் இல்ல, மாறுவேடப் போட்டி. கைவண்டியில வந்தவங்க வாரிசுதான் முன்னால நிக்கணும். டென்மார்க் திருச்சபைப் பதிவேட்டுல இருந்து காட்டணும். யாரா இருந்தாலும்.”

“யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும்!”

பிஷப் அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். அவர் எழுதிக்கொண்டதை நான் பெருமையோடு பார்த்தேன்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். டென்மார்க்கின் பழைய பதிவேடுகளை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். பார்க்கலாம், படிக்க முடியாது. அந்தக் காலத்துப் பாதிரியார்கள் ஒரு கோணல் கையெழுத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பிஷப் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “வான்கோழி கிளறின என் பண்ணைத் தரை மாதிரியே இருக்கே” என்றார். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் டேனிஷ் வம்சம். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மெர்லீன். கல்யாணத்துக்கு முன்பே எங்கோ கற்றுக்கொண்டு வந்தவள், இருபத்திரண்டு வருடமாகச் சபையின் ஆவண அறையில் சம்பளமில்லாமல் பெயர்களைப் படித்து எழுதுகிறாள். நான் கற்றுக்கொள்ளவில்லை. நேரமில்லை. வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது தேவையுமில்லை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் விசாரணை. நடுவில் பணியாரத் தட்டும், எங்கள் ஊர் விருந்தில் தவறாத பச்சை ஜெல்லியும். மெர்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எங்கள் இரு குடும்பத்துக்கும் பூர்வீகமான டேனிஷ் ஊரை விட்டுப் போனவர்களின் பட்டியலைத் திறந்தாள்.

“பீடர் யோர்கென்சன். தையல்காரர். கிளம்பினது 1869 ஜூலை.”

“ரயில்!” என்றேன். அடக்க முடியவில்லை.

“ரயில்ல வந்தா என்ன?” டெல்பர்ட் முகம் சிவந்தது. “இறங்கி நடக்கலையா?”

“ஸ்டேஷன்லேர்ந்து நடக்கறதுக்குப் பேரு முன்னோடிப் பயணம் இல்ல டெல்பர்ட். அதுக்குப் பேரு வீட்டுக்குப் போறது.”

டெல்பர்ட் பணியாரத்தைப் பாதியில் வைத்துவிட்டான். அந்த ஒரு கணத்துக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது உடனே தெரிந்துவிட்டது.

“உங்களோடதையும் ஒரு தடவை பாத்துடலாம், பிரதர்” என்றார் பிஷப். “சும்மா, ஃபைலுக்கு.”

“தாராளமா.”

மெர்லீன் திரையை உருட்டினாள். நிறுத்தினாள். மறுபடி உருட்டினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“வேணாங்க.”

“என்ன வேணாம்?”

“விட்டுடலாம். நீங்களே வண்டிய இழுங்க.”

“படி.”

“பிஷப் முன்னாடி வேணாங்க.”

“உண்மை யார் முன்னாடியும் கூச்சப்படாது. படி!”

மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை மேசையைத் தட்டிச் சொன்னேன். என் அழிவுக்கு நானே மணியடித்தவன்.

“ராஸ்முஸ் இவர்சன்னு ரெண்டு பேரு இருக்காங்க” என்றாள். “ஒருத்தர் 1857ல கிளம்பியிருக்கார். இன்னொருத்தர் 1869ல. டெல்பர்ட் தாத்தாவுக்கு ரெண்டு வரி கீழ.”

இதில் அதிசயமில்லை. அந்தக் காலத்து டென்மார்க்கில் தெருவில் நின்று ராஸ்முஸ் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பியிருக்கும். ஆண்டு எண்கள் எனக்கே தெரிந்தன. அவை சரி. இருவரில் யார் நம் ஆள் என்று சொல்வது, ஓரத்தில் பாதிரியார் நெருக்கி எழுதியிருக்கும் குறிப்பு. அதுதான் பண்ணைத் தரை.

“1857 ஆளுக்கு என்ன போட்டிருக்கு?”

“வடக்குப் பண்ணை. அம்மா பேரு மரேன். நல்ல உழைப்பாளி. அதிகம் பேச மாட்டார்.”

“நம்ம ஆளுதான்!”

“1869 ஆளு கிழக்குப் பண்ணை. அம்மா பேரு சிட்சேல். வேதப்பாடம் நல்லாவே தெரியும். ஆனா பிரசங்கம் நடக்கும்போது நடுவுல எழுந்து பாதிரியாரைத் திருத்துவார். மூணு தடவை கண்டிச்சும் விடல.”

டெல்பர்ட் மீதிப் பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

“சந்தேகமே இல்ல” என்றான்.

பிஷப் கூரையைப் பார்த்தார். “குடும்பச் சாயல்னு ஒண்ணு இருக்கத்தான் இருக்கு” என்றார்.

“இதெல்லாம் ஆதாரமா?” என்றேன். “பெரிய பெரிய ஆளுங்ககூடத்தான் பாதிரியாரைத் திருத்தியிருக்காங்க!”

“உங்க குடும்ப பைபிள் முதல் பக்கத்துலயும் அம்மா பேரு சிட்சேல்னுதான் இருக்குங்க.”

பைபிளை எடுத்து வந்தேன். பைபிளிலும் அதே பண்ணைத் தரை. அதையும் அவள்தான் படித்தாள். சிட்சேல்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. “இரு. கல்யாணமான புதுசுல இதே பைபிளை நீதானே படிச்சே? அம்மா மரேன், வடக்குப் பண்ணைன்னு நீதானே சொன்னே?”

“ஆமா.”

“அப்ப மரேன், இப்ப சிட்சேலா?”

“அப்ப கல்யாணமாகி ஆறு மாசம். உங்க மனசு நோகக் கூடாதுன்னு படிச்சேன்.”

“இப்ப?”

“இப்ப நாப்பத்தொரு வருஷம்.”

இப்படிப்பட்ட நேரத்தில் மற்ற மனிதர்கள் ஒரு காபி குடிப்பார்கள். எங்கள் சபையில் காபிக்குத் தடை, அதற்கும் வழியில்லை. பச்சை ஜெல்லியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் துருவிய கேரட் அசையாமல் மிதந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

“அப்ப 1857 ராஸ்முஸுக்கு வாரிசே இல்லையா?” என்றார் பிஷப். “வண்டி யாரு இழுக்கறது?”

மெர்லீன் எழுந்து சரக்கறைக்குள் போனாள். ஜாடிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒரு நீல ஃபைலோடு திரும்பி வந்தாள். உள்ளே தட்டச்சு செய்த வம்ச மரம். வடக்குப் பண்ணை ராஸ்முஸ், அவர் மகள், அவள் மகன் என்று இறங்கி, கடைசிக் கிளையில் மெர்லீன். கீழே வம்சாவளிச் சங்கத்தின் முத்திரை. தேதி, பதினோரு வருடத்துக்கு முன்.

“எங்கம்மா வழி” என்றாள்.

“பதினோரு வருஷமா இது எங்க இருந்துச்சு?”

“ருபார்ப் தண்டு ஜாம் ஜாடிக்குப் பின்னால. நீங்கதான் அந்தப் பக்கமே போக மாட்டீங்களே.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“கேட்டேனே. ஒரு வருஷம் முன்னால நிக்கட்டுமான்னு. சிரிச்சீங்க.”

பிஷப் தன் காகிதத்தை வெளியே எடுத்தார். ‘யாராக இருந்தாலும்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஜெல்லியைப் பார்த்தேன்.

ஜூலை இருபத்துநான்கு வந்தது. ஊர்வலம் நின்றுபோகட்டும் என்று ஜெபித்துப் பார்த்தேன். மழைகூட இல்லை. மெர்லீன் குறுக்குக் கட்டைக்குள் புகுந்து நின்றாள். தொண்ணூற்றாறு டிகிரி வெயிலில் டெல்பர்ட்டும் நானும் பின்னால்.

ஊர்வலம் கிளம்புமுன் வருடா வருடம் நான் வாசிக்கும் உரையையும் அவளே வாசித்தாள். பத்தொன்பது வருடங்களாக நான் செதுக்கிய உரை. “ஒரு வரியும் மாத்த வேண்டியதில்ல வாத்தியாரே” என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். “ராஸ்முஸ் அதே ராஸ்முஸ். ‘என் எள்ளுத்தாத்தா’ன்னு வர்ற இடத்துல அந்த ‘என்’ மட்டும் இனிமே நான்.” கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கு ஒரு வருடம்கூட யாரும் துடைத்ததில்லை.

வண்டி நகர்ந்தது. மெர்லீன் இரண்டு கைகளாலும் மக்களுக்குக் கையசைத்தாள். அப்படியானால் வண்டியை நகர்த்தியது யார் என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்கலாம். அந்த விடை வங்கி வாசலில் வியர்த்துக்கொண்டிருந்தது.

“தள்ளுப்பா” என்றான் டெல்பர்ட்.

“தள்ளிக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நீ தள்ளல. சாஞ்சுக்கிட்டு வர்றே.”

தபால் நிலையத்து வாசலில் யாரோ ஒரு பெண்மணி கூவினாள். “மெர்லீன்! ரொம்ப அழகா இருக்கு! பின்னால யாரு?”

“ரயில்ல வந்தவங்க!” என்றாள் மெர்லீன்.

ஏற்றத்தின் உச்சியில், நாக்கு வெளியே தொங்க நின்றபோதுதான், எனக்கு அந்த எண்ணம் வந்தது. முதலில் மரேன் என்றாள். பிறகு சிட்சேல் என்றாள். ஏதோ ஒரு முறை பொய் சொல்லியிருக்கிறாள். எந்த முறை? ஒருவேளை வடக்குப் பண்ணை ராஸ்முஸ் என்னுடையவராகவும் இருக்கலாம். நீல ஃபைலில் முத்திரை அவளுக்குத்தான் இருக்கிறது. எனக்கு இல்லை என்று முத்திரை எதுவும் இல்லையே. பிரசங்கத்தைத் திருத்தினார் என்று அந்த ஓரத்தில் உண்மையிலேயே எழுதியிருக்கிறதா?

டெல்பர்ட்டைக் கேட்டேன். அவனுக்கும் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. பிஷப்பைக் கேட்டேன். “எனக்குத் தெரிஞ்சது வான்கோழிதான் பிரதர்” என்றார். கடைசியில் மெர்லீனையே கேட்டேன். அவள் ஜாமுக்கு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நிஜமாவே அப்படி எழுதியிருக்கா?”

“படிச்சுப் பாருங்க.”

“எனக்குத்தான் அந்த எழுத்து தெரியாதே!”

“அப்ப கத்துக்குங்க.”

“இந்த ஊர்ல யாரு கத்துத் தர்றாங்க?”

கத்தியை வைத்துவிட்டு, ஊர் நூலகத்தின் அறிவிப்புத் தாளை என் முன் நகர்த்தினாள்.

அடுத்த ஜூலைக்குள் ஓரக் குறிப்பை நானே படித்துவிட வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டு சேர்ந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. பழைய டேனிஷ் கையெழுத்து, தொடக்க நிலை. டெல்பர்ட்டும் சேர்ந்திருக்கிறான். ஆசிரியை மெர்லீன் இவர்சன். முதல் வகுப்பில் அவள் கரும்பலகையில் எழுதிய ஓர் எழுத்தை எழுந்து நின்று திருத்தினேன். அன்றிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். போன வாரம் தேர்வு நடந்தது. டெல்பர்ட் எழுபத்திரண்டு. நான் முப்பத்தொன்று. விடைத்தாளில் வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.