உன் வருங்கால மாமனார் என் வண்டியில் வந்த கதை

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சானுக்கு (இந்தக் கடிதத்துக்கு அன்பைவிடப் பொறுமைதான் அதிகம் தேவைப்படும்),

உன் அக்கா புருஷன், பல் டாக்டர், எழுதுவது. இங்கே உன் அக்கா சௌக்கியம், நான் சௌக்கியம், வண்டியும் இன்று காலை முதல் சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி வருவாய் என்று நம்புகிறேன். சனிக்கிழமை நடந்ததை உன் அக்கா போனில் சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். ஆனால் கோபமாகப் பேசும்போது சில நுணுக்கமான விஷயங்கள், குறிப்பாக இன்ஜின் சம்பந்தப்பட்டவை, விட்டுப்போய்விடும். அது மட்டுமல்ல, "கல்யாணம் நடக்குமா நடக்காதா?" என்று நீ கேட்டதற்கு, "உங்க மாமாவையே கேட்டுக்கோ" என்று போனை வைத்துவிட்டாளாம். முடிவை முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் கடிதத்தை மூடிவிடுவாய். வரிசையாகவே வருகிறேன்.

உனக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்கு உன்னைப் பிடித்தது, அது உங்கள் அதிர்ஷ்டம். பாக்கி இருந்தது அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து ரயிலேறி வந்து, உனக்குப் பெரியவர்கள் என்று இருக்கிற எங்கள் இருவரையும் பார்த்துப் பேசுவது மட்டும்தான். அப்பா கறாரான ஆள், விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீயே சொன்னாய். "மாமா, ஒரே ஒரு நாள் ஒழுங்கா இருங்க மாமா" என்று கெஞ்சினாய். நானும் சத்தியம் பண்ணினேன். உன் அக்கா அப்போதே, "ஸ்டேஷனுக்கு டாக்ஸி அனுப்பிடலாங்க" என்றாள். வாசலில் நாலு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் வண்டி கருநீலத்தில் பளபளவென்று நிற்கும்போது சம்பந்தி வீட்டாருக்கு டாக்ஸியா? நீயே சொல், மனசு கேட்குமா?

வண்டியில் நான் செய்த மாற்றங்கள் உனக்குத் தெரியாததல்ல. கம்பெனி கொடுத்த சைலன்சர் இருமல் மருந்து குடித்தது போல முனகிக்கொண்டிருந்தது, அதைக் கழற்றிவிட்டு வாய் அகலமான ஒன்று போட்டேன். ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினேன். எடை குறையட்டும் என்று வண்டியின் உள்தரையில் ஒட்டியிருந்த சத்தம் தடுக்கும் விரிப்பை உரித்தெடுத்தேன். ஸ்டெப்னியையும் இறக்கி வைத்தேன், அது இப்போது மாடிப்படிக்கு அடியில் உன் அக்காவின் துடைப்பங்களுக்குத் துணையாக இருக்கிறது. "நீங்க வண்டி வாங்கினீங்களா, இல்ல வளர்க்கறீங்களா?" என்று அவள் கேட்பாள். வளர்க்கிறேன் என்றுதான் வைத்துக்கொள்ளேன். நாள் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வேறு எதையாவது திறந்து பார்க்கத் தோன்றாதா?

அப்படி இருக்கையில், நீ தேதி சொன்ன அதே வாரம், சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறி இறங்கத் தொடங்கியது. உர்ர்ர் என்று ஏறும், தொண்டையை அடைத்தது போல இறங்கும், அணையப் போகிறது என்று நினைக்கும்போது மறுபடி ஏறும். மெக்கானிக் வந்து, தலையைச் சொறிந்து, "பெட்ரோல் பம்ப்தான் டாக்டர், சந்தேகமே இல்ல" என்றார். மாற்றினோம், ஏறி இறங்கியது. "அப்ப பிளக்தான், சந்தேகமே இல்ல." அதையும் மாற்றினோம், முன்பைவிட உற்சாகமாக ஏறி இறங்கியது. நான் ராத்திரி பகல் யோசித்து, எங்கோ ஒரு குழாய் கீறல் விட்டு, போகக் கூடாத காற்று இன்ஜினுக்குள் போகிறது என்று கண்டுபிடித்தேன். எந்தக் குழாய் என்று தெரிய வேண்டுமானால் இன்ஜினுக்குள் புகையை ஊத வேண்டும், புகை வெளியே வருகிற இடம்தான் ஓட்டை. புகை போட ஒரு மூடிய பாத்திரம் வேண்டும். வீட்டில் இறுக்கமாக மூடும் பாத்திரம் எது? உன் அக்காவின் பிரஷர் குக்கர்.

குக்கரைப் பற்றி அவள் சொல்லியிருப்பாள், நான் நீட்டவில்லை. புகை நன்றாகவே வந்தது. பானெட்டிலிருந்து வந்தது, சைலன்சரிலிருந்து வந்தது, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து வந்தது. நான் என் சின்னப் பல் கண்ணாடியை உள்ளே விட்டு, கீறலைப் பார்த்தே விட்டேன், மச்சான்! இன்ஜினுக்குப் பின்னால் வளைந்து போகிற ரப்பர் குழாயில் ஒரு நகக்கீறல். "கிடைச்சிடுச்சு!" என்று நான் கத்திய அதே நொடியில், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி பற்றி எரிகிறது என்று நினைத்து மதிலுக்கு மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை என் முதுகில் ஊற்றினார். நல்ல மனுஷன். நன்றி சொல்லிவிட்டுத் துவட்டிக்கொண்டேன்.

புதுக் குழாய் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். உன் மாமனார் வர இரண்டு நாள்தான் இருந்தது. இந்த இடத்தில்தான் என் புத்தி கொஞ்சம் அதிகமாக வேலை செய்துவிட்டது. பல் அச்சு எடுக்க ஒரு பசை வைத்திருக்கிறோம் அல்லவா, குழைத்து வைத்தால் ரப்பர் போல இறுகுமே, அதை எடுத்துக் கீறலைச் சுற்றிப் பூசினேன். பெரியவர்களுக்கான பசை தீர்ந்திருந்ததால் குழந்தைகளுக்கானதைப் பூசினேன், ஸ்ட்ராபெர்ரி வாசனை. இன்ஜின் பூனைக்குட்டி போலச் சாந்தமாகிவிட்டது. உன் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கேக்குதா?" என்றேன். "ஒண்ணும் கேக்கலையே" என்றாள். "அதான்!" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை ஸ்டேஷனில் உன் மாமனாரைப் பார்த்தேன். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கன்னத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் ஒரு சுற்று சுற்றி வந்தார். வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினார். பயணம் சௌகரியமா என்றேன், தலையை ஆட்டினார். உன் மாமியார்தான், "இவ்வளவு தாழ்வா இருக்கே, ஏறுறதா இல்ல படுக்கறதா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். கிளம்பிய சற்று நேரத்தில் ஏசி வழியாக ஸ்ட்ராபெர்ரி வாசனை கமகமவென்று வந்தது. "என்ன வாசனைங்க இது, மிட்டாய் மாதிரி?" என்றார் மாமியார். "வண்டிக்கு சென்ட்" என்றேன்.

அடுத்து ஸ்பீடு பிரேக்கர். மூன்று பேர் எடை ஏறினால் வண்டியின் அடிவயிறு உரசும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அதில் மூன்று பேராக நாங்கள் போனதே இல்லை. கர்ரக் என்று ஒரு சத்தம். உன் மாமனார் கண்ணை மூடி, "ஸ்ஸ்" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த மேட்டில் வண்டியை நிறுத்தி, "ஒரு நிமிஷம், சிரமம் பார்க்காம இறங்கி அந்தப் பக்கம் வந்துடறீங்களா?" என்று கேட்டேன். இறங்கி நடந்தார்கள், ஏறினார்கள். அடுத்த மேட்டில் மறுபடி இறங்கினார்கள். நம் பேட்டையில் ஸ்பீடு பிரேக்கருக்கா பஞ்சம்? கடைசியில் மாமியார் நான் சொல்வதற்கு முன்பே கதவைத் திறக்கப் பழகிவிட்டார். மாமனாரோ ஒவ்வொரு குலுக்கலுக்கும் "ஸ்ஸ்" என்றாரே தவிர வேறு பேச்சில்லை. இந்த மனுஷன் மனசுக்குள்ளேயே அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார், உன் கல்யாணம் என் ஸ்பிரிங்கில் மாட்டிக்கொண்டது என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது.

விரிப்பை உரித்ததன் பலன் பெரிய சாலைக்கு வந்ததும் தெரிந்தது. சைலன்சர் சத்தம் முழுக்க உள்ளேதான் கேட்டது, பக்கத்தில் இருப்பவரோடு பேசவே கத்த வேண்டும். மாமியார் புருஷன் காதருகில் எதையோ கத்திச் சொல்லத் தொடங்கினார். சரியாக அந்த நேரம் பெரிய சிக்னலில் வண்டி நின்றது, ஒரு விக்கல் விக்கியது, பொட்டென்று அணைந்துபோனது. அந்த நிசப்தத்தில், நாலு பக்கமும் நின்ற ஜனங்களுக்கெல்லாம் கேட்கும்படி, மாமியார் குரல் கணீரென்று ஒலித்தது: "பையன் தங்கமான பையன்தாங்க, அவங்க மாமாவுக்குத்தான் மறை கழண்டிருக்கு!" பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்ய?

பின்னால் ஹாரன் கிளம்பிவிட்டது. இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். சூட்டில் பசை காய்ந்து சுருங்கி, குழாயின் கீறல் வழியாக உள்ளே இழுபட்டு, காற்று போகிற வாயில் கடைவாய்ப் பல் மாதிரி உட்கார்ந்திருந்தது. கை நுழையாது. ஆனால் நான் யார்? முன் பெட்டியில் எப்போதும் ஒரு பழைய பல் பிடுங்கும் கொறடு வைத்திருப்பேன். எடுத்து, வெயிலில் மினுக்க உயர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, ஆட்டி ஆட்டி, பச்சக் என்று பிடுங்கிவிட்டேன்! பெருமையோடு நிமிர்ந்து பார்த்தால், உன் மாமனாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கதவைத் திறந்தார், இறங்கினார், பையைக்கூட எடுக்காமல் ஸ்டேஷன் பக்கமாக விறுவிறுவென்று நடக்கத் தொடங்கிவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன், மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வண்டி ஞாபகமே இல்லை. உன் முகம்தான் கண்முன் வந்தது. கையில் கொறடோடு, "சம்பந்தி! சம்பந்தி! நில்லுங்க!" என்று பின்னாலேயே ஓடினேன். நான் ஓட ஓட அவர் வேகமாக ஓடினார். மாமியார்தான் ஓடி வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயோ டாக்டர், மொதல்ல அந்தக் கொறடைக் கீழ போடுங்க! அவருக்கு ஒரு வாரமா கடைவாய்ப் பல் வலி, கன்னம் வீங்கிக் கெடக்கு. பல் டாக்டர்னாலே அவருக்கு நடுக்கம். வாயைத் திறந்தா உங்க நாற்காலில உட்கார வெச்சிடுவீங்கன்னு ரயில்லேர்ந்தே வாயை மூடிட்டு வர்றார்!"

நான் பல் டாக்டர், மச்சான். வீங்கிய கன்னம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மேட்டுக்கு மேடு "ஸ்ஸ்" என்று முனகுகிறது, நானோ அதை ஸ்பிரிங்கின் குறை என்று நினைத்து வண்டி ஓட்டுகிறேன். உன் அக்கா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. நான் போன் செய்ததும் அவள்தான் டாக்ஸி பிடித்து வந்து, வழியில் அவரை மடக்கி, பச்சைக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசி என் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கொறடு வேணாம், சரியா?" வண்டிக் கொறடு வேறு, மனுஷக் கொறடு வேறு என்று உன் தலைமேல் சத்தியம் செய்தேன். பல்லைப் பிடுங்க வேண்டியும் வரவில்லை, திறந்து சீழை வடித்ததுமே வலி குறைந்தது. அவர் கண்ணில் தண்ணீர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், கையே பட்ட மாதிரி தெரியல. எங்களுக்குச் சம்மதம்" என்றார். பிறகு ஜன்னல் வழியாக, இழுத்து வரப்பட்டிருந்த என் வண்டியைப் பார்த்து, "அது முழுச் சேதம்" என்றார்.

ஆக, கல்யாணம் உறுதி! இப்போதாவது மூச்சு விடு. மாமியார் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "அந்த வண்டியை வித்துடுங்க. எங்க பொண்ணு அதுல காலே வைக்க மாட்டா." உன் சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு வண்டி பெரிதா? விற்றுவிடுகிறேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் என்ற புதுக் குழாய் நேற்றே வந்துவிட்டது, மாட்டினேன், இன்று காலை ஓட்டிப் பார்த்தேன், ஓடை மாதிரி ஓடுகிறது. கண் கலங்கத்தான் செய்தது, போகட்டும். இனி கையில் எண்ணெய்க்கறை இல்லை, உன் அக்காவுக்குப் புதுக் குக்கர், எனக்கு நல்ல பேர்.

நீயும் அந்தப் பெண்ணும் ஒருவர் சொல்வது ஒருவர் காதில் விழும்படியான அமைதியான வீட்டில், குலுங்காமல் குறையாமல் வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே (சனிக்கிழமை முதல்) நினைக்கும்
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஒரு போன் வந்தது. வேறு யாருமில்லை, உன் வருங்கால மனைவி. "அண்ணா, அம்மா வண்டியைப் பத்திச் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. யாருக்கும் குடுத்துடாதீங்க, நான் வாங்கிக்கிறேன். சைலன்சர் அதேதானே? ஸ்பிரிங்கை மட்டும் தயவுசெஞ்சு மாத்திடாதீங்க" என்றாள். சின்ன வயசிலிருந்து அப்பாவோடு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகச் சுற்றிய பெண்ணாம், எந்தக் குழாய் என்று நான் சொல்வதற்கு முன்பே சொன்னாள்! விற்றுவிட்டேன், மச்சான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது, அவள் அம்மாவிடம் அவளே பேசிக்கொள்வாள். கல்யாணத்தன்று சாவியைக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்து நானும் அவளும் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. உன் அக்கா, "என் தம்பிக்கு இது வேணும்" என்று சிரிக்கிறாள். உனக்கு ஒன்றே ஒன்று சொல்லி வைக்கிறேன். அவள்தான் ஓட்டுவாளாம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இறங்கி நடக்கப்போவது நீதான்.