இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத பேய்

பேய் பிடித்த மனிதர்களைப் பார்த்திருப்பீர்கள். பேய் பிடித்த லாரியைப் பார்த்ததுண்டா? அதற்கு அந்த மைதானத்துக்குப் போயிருக்க வேண்டும். விடியும்போதே நாற்பது லாரிகள் வரிசையில் நிற்கும். எல்லாம் ஒரே கம்பெனி தயாரித்த வண்டி, எல்லாம் வயதானவை. ஓட்டுநர்கள் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு வந்திருப்பார்கள். லாரியைக் கழுவியவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. கழுவினால் பேய் கோபித்துக்கொள்ளும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

வரிசையின் தலைமாட்டில் விளக்குச் சாமியார். அவருடைய முறை எளிது. வண்டியில் ஏறுவார். சாவியைப் பாதி மட்டும் திருகச் சொல்வார். இடுப்பிலிருந்து ஒரு செப்புக் கம்பியை எடுத்து, எதையோ முணுமுணுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விடுவார். அந்தச் சமயம் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பார்த்தால் பேய் பார்த்தவர்மேல் தாவிவிடுமாம். அப்படியொரு கூச்ச சுபாவம் அதற்கு.

கண்ணைத் திறந்தால் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிமிட்டல். சின்ன இடைவெளி. இரண்டு சிமிட்டல். இதே மாதிரி மூன்று தடவை. உடனே சாமியார் கம்பியை உருவிவிடுவார்.

"கேட்டியாப்பா? எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள உக்காந்து பேசுது. ஒண்ணுன்னா நீ. ரெண்டுன்னா உன் எதிரிங்க ரெண்டு பேர்."

ஓட்டுநருக்கு வியர்த்துக் கொட்டும். இரண்டு எதிரி இல்லாத மனிதன் உலகத்தில் எங்கே இருக்கிறான்? ஒருவர் பங்காளி என்பார், ஒருவர் மைத்துனன் என்பார். சிலருக்கு இரண்டோடு நிறுத்துவதே பெரும் பாடாக இருக்கும்.

சாமியார் ஸ்டியரிங்கில் சிவப்புக் கயிறு கட்டி அனுப்புவார். கயிறு கட்டியும் நடுரோட்டில் நிற்கும் வண்டிக்கு ஒரே வழி, விற்றுத் தலைமுழுகுவது. அதற்காக அலைய வேண்டியதில்லை. மைதானத்துக்குப் பின்னாலேயே ஒரு தகரக் கொட்டகை. பேய் வண்டியை அஞ்சாமல் வாங்கும் ஒரே மனிதர் அங்கே இருந்தார். சாமியாரின் மச்சான். துணிச்சல் அந்தக் குடும்பத்துச் சொத்து.

அன்று மூன்றாவது முறையாக வந்து நின்றது மீசையின் லாரி. மீசை என்பது பட்டப்பெயர். மீசைக்குப் பின்னால் இருந்ததோ ரொம்பவும் பயந்த மனிதர். லாரியை அவரும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பதினைந்து வருடப் பழக்கத்தில் எல்லோரும் அந்த அம்மாளை டிரைவரம்மா என்றே கூப்பிட்டார்கள். இரண்டு மாதமாக லாரிக்கு ஒரு வியாதி. ஒரு மணி நேரம் ஓடிச் சூடானதும் பொசுக்கென்று நின்றுவிடும். ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும்.

முதல் தடவையே சாமியார் சொல்லிவிட்டார்: "எதிரியில ஒருத்தி உன் வீட்டுக்குள்ளயே இருக்கா. பொம்பளை கை ஸ்டியரிங்ல பட்டா பெட்டிக்குப் பொறுக்காது." அன்றிலிருந்து டிரைவரம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டு. லாரி மட்டும் பாரபட்சம் பார்க்காமல் மீசை ஓட்டும்போதும் நின்றது.

இன்று தீர்ப்பு வந்தது. "வண்டியை மச்சான்கிட்ட தள்ளிட்டுப் போயிடு. வெச்சிருந்தா உசிருக்கு ஆபத்து."

மீசை தலையை ஆட்டினார். டிரைவரம்மா குறுக்கே வந்து நின்றார்.

"வண்டியக் குடுத்துட்டு நாம என்னங்க பண்றது?"

"உசிரு இருந்தாப் போதும்மா."

"இருக்கும். அந்த உசிருக்குச் சோறு யாரு போடுவா?"

டிரைவரம்மா சாமியார் பக்கம் திரும்பினார். "சாமி, ஒரு சந்தேகம். நாப்பது வண்டியிலயும் ஒண்ணு, ரெண்டுன்னே சொல்லுதே. ஒரு பேய்க்குக்கூட மூணு தெரியாதா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார். சாமியார் முகம் கறுத்தது.

"முப்பது வருஷத் தவம் இது! என் கம்பிக்கு மட்டும்தான் பேசும்."

"அப்போ என் ஹேர்பின்னுக்குப் பேசாது?"

"பேசிட்டா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்!"

டிரைவரம்மா தன் லாரிக்குப் போகவில்லை. நேராகச் சாமியாரின் பழைய பிக்கப்பில் ஏறினார். அதுவும் அதே கம்பெனி வண்டிதான். சாவி அதிலேயே தொங்கியது. பேயோட்டுகிறவர் வண்டியை எவன் திருடுவான்?

"ஏய், அது என் வண்டி! அதுல பேய் கிடையாது!"

"அதைத்தானே சாமி பாக்கப் போறோம். எல்லாரும் வாங்க, கண்ணைத் திறந்துகிட்டே பாருங்க."

டேஷ்போர்டுக்கு அடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு கறுப்பு பிளக் இருந்தது. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அதில் இரண்டு ஓட்டையில் சொருகினார். சாவியைப் பாதி திருகினார். விளக்கு சிமிட்டியது. ஒன்று. இடைவெளி. இரண்டு.

"அட, சாமிக்கும் ரெண்டு எதிரியா!" என்றார் ஒருவர்.

"பேயும் இல்ல, எதிரியும் இல்ல. ஒண்ணு, ரெண்டுன்னா 'விளக்கு எரியுது, நான் பேசத் தயார்'னு பெட்டி சொல்லுது. அதை மூணு தடவை சொல்லிட்டுத்தான் கோளாறு இருந்தா அதைச் சொல்லும். நம்ம சாமி மூணாவது தடவையோட கம்பியை உருவிடுவாரு. நாலாவதா என்ன சொல்லுதுன்னு நாம யாரும் கேட்டதே இல்ல."

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார் மீசை.

"நம்ம ஆடுற சீட்டுக்கு முட்டுக் குடுத்திருந்தோமே ஒரு தடிப் புத்தகம், வண்டியோட வந்தது. வண்டி ஆறுற வரைக்கும் ரோட்டோரத்துல எனக்கு வேற என்ன வேலை?"

கூட்டம் மொத்தமும் மீசையின் லாரிக்கு நகர்ந்தது. ஹேர்பின் ஏறியது. ஒன்று, இரண்டு என்று மூன்று தடவை. நாலாவது முறை விளக்கு ஐந்து தடவை சிமிட்டியது. இடைவெளி. மறுபடி ஐந்து.

டிரைவரம்மா சீட்டுக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவிக் கணவரிடம் நீட்டினார். மீசை எழுத்துக்கூட்டிப் படித்தார்: "ஐந்து, ஐந்து. கம்ப்யூட்டர் பழுது. மாற்றவும்."

"பொம்பளை கை பட்டதாலன்னு போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"அடுத்த பக்கத்துல பாருங்க."

மீசை பொறுப்பாகப் புரட்டினார். "கிளட்ச் பத்திப் போட்டிருக்கு."

அதற்குள் நாலு பேர் தகரக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். பலகையில் வரிசையாக, மாற்றிப் போடுவதற்குத் துடைத்துவைத்த நல்ல கம்ப்யூட்டர் பெட்டிகள். நடுவில், புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்குத் தயாராக ஒரு லாரி.

"இது போன மாசம் நான் குடுத்த வண்டி! பேய் எங்கய்யா போச்சு?" என்று ஒருவர் கத்தினார்.

"பெட்டியை மட்டும்தான் மாத்தினேன். மத்ததெல்லாம் மாமா ஏற்பாடு" என்றார் மச்சான்.

மாமா பிக்கப்பில் உட்கார்ந்து சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தார். சாவி டிரைவரம்மா கையில் இருந்தது. நாற்பது பேயை அடக்கியவருக்குச் சாவியில்லாமல் ஒரு வண்டியைக் கிளப்பத் தெரியவில்லை.

டிரைவரம்மா தன் லாரியின் பெட்டியில் இருந்த அதே எண் போட்ட பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். மச்சான் தாராளமாகக் கொடுத்தார். சுற்றி நாற்பது பேர் நின்றால் யாருக்கும் மனம் இளகும். பேட்டரி வயரைக் கழற்றினார். நாலு திருகு, இரண்டு பிளக். பழைய பெட்டிக்குள் இருந்த சின்னச் சில்லை மட்டும் எடுத்துப் புதிய பெட்டியில் பொருத்தினார். இந்த லாரியை எப்படி ஓட்டுவது என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. எல்லாம் முடிய அரை மணி நேரம். முப்பது வருஷத் தவம் தேவைப்படவில்லை.

சிவப்புக் கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டு டிரைவரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. லாரி நிற்கவில்லை. பக்கத்துச் சீட்டில் மீசை நெளிந்தார்.

"அப்போ அந்த ரெண்டு எதிரி?"

"ஒண்ணு அவன். இன்னொண்ணு, அவன் பேச்சைக் கேட்டு என்னை இந்தச் சீட்டைவிட்டு இறக்கினவர்."

மீசை குனிந்து புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்குச் சாமியார் இப்போது வேறோர் ஊரில் ஃபிரிட்ஜுக்குப் பேய் ஓட்டுவதாகக் கேள்வி. வரிசை இங்கே இருந்ததைவிட நீளமாம். நிற்கிற புண்ணியவான்களே, உங்கள் ஃபிரிட்ஜோடும் ஒரு புத்தகம் வந்தது. அதை எதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.